ஆங்கிலத் துறை ஒழிப்புக் கோரிக்கை (நைரோபி, 1968)

கென்யா விடுதலை பெற்றுக் கிட்டத்தட்ட ஐந்தாண்டு ஆகியிருந்தது. நைரோபியின் பல்கலைக்கழகக் கல்லூரியில் 1968 அக்டோபர் 24 தேதியிட்ட அறிக்கை ஒன்று சுற்றுக்கு வந்தது. 'ஆங்கிலத் துறையை ஒழிப்பது பற்றி' என்பதே அதன் தலைப்பு. ஹென்றி ஓவூர்-அன்யும்பா, தாபன் லோ லியோங், நாவலாசிரியர் கூகி வா தியாங்கோ ஆகிய மூவரும் அதை எழுதியிருந்தனர். கூகிக்கு அப்போது ஜேம்ஸ் கூகி என்றுதான் பெயர்.

தலைப்பில் இருந்த காரம் கோரிக்கையில் இல்லை. ஷேக்ஸ்பியரை விலக்கச் சொல்லவில்லை. வரிசையை மாற்றச் சொன்னார்கள். முதலில் ஆப்பிரிக்கா, அதன் பாட்டும் பழமொழியும் விடுகதையும்; அங்கிருந்து கரீபியன், பிறகு ஐரோப்பா. ஆங்கிலத்தோடு சுவாஹிலியும் பிரெஞ்சும் கற்பிக்கப்பட வேண்டும். நீண்ட வாதத்துக்குப் பிறகு அங்கே இலக்கியத் துறை உருவானது. 1974இல் நைரோபியில் ஆசிரியர்கள் கூடிப் பள்ளிப் பாடத்திட்டத்திலும் இதே மாற்றத்தைக் கேட்டார்கள்.

காலனியத்தின் பிடியிலிருந்து கல்வியை விடுவிக்கும் இந்தக் 'காலனிய நீக்க'ப் போக்குக்கு எதிர்வாதங்களும் குறைவில்லை. ஆங்கிலத்தைத் தன் தேவைக்கு வளைத்துக்கொள்ள ஆப்பிரிக்க எழுத்தாளனால் முடியும் என்று நாவலாசிரியர் சினுவா அச்செபே 1964இலேயே சொல்லியிருந்தார். நைஜீரியத் தத்துவவாதி ஒலுஃபெமி தாய்வோ 2022இல் வெளியிட்ட நூலில் இன்னும் கடுமையாகப் பேசினார்: எதற்கெடுத்தாலும் காலனிய நீக்கம் என்றால் அந்தச் சொல்லுக்குப் பொருளே இராது, அயல் கருத்துகளைத் தாமாகவே எடுத்துத் தமதாக்கிக்கொண்ட ஆப்பிரிக்கர்களை அது மதிப்பதில்லை. கல்வியியலுக்குள்ளிருந்தும் அடி விழுந்தது. ஈவ் டக், வெய்ன் யாங் இருவரும் 2012இல் எழுதிய கட்டுரை, காலனிய நீக்கம் என்றால் பறித்த நிலத்தைப் பூர்வகுடிகளிடம் திருப்பித் தருவது, பாடத்திட்டத்துக்குச் சூட்டும் உருவகம் அல்ல என்றது.

இந்த அளவுகோலில் நைரோபி அறிக்கை தேறாது. ஆனாலும் எந்த நூல் முதலில், எந்த மொழி எங்கே என்று குறிப்பாகக் கேட்டதுதான் அதன் பலம். பின்னாளில் வந்த பல முழக்கங்களில் அந்தத் தெளிவு இல்லை.

அறிக்கை ஆங்கிலத்தில்தான் எழுதப்பட்டது என்று கேலி செய்வது சுலபம். கூகிக்கும் அந்த முரண் உறுத்தியிருக்க வேண்டும். 1977இல் கமிரீத்து கிராமத்து உழவர்களையும் தொழிலாளர்களையும் நடிக்க வைத்து, கிக்கூயூ மொழியில் நாடகம் போட்டார். சில வாரங்களில் அரசு நாடகத்துக்கான அனுமதியை ரத்து செய்தது. டிசம்பர் 31 அன்று அவரைக் கைது செய்து, விசாரணையே இல்லாமல் ஓராண்டு அடைத்து வைத்தது. பாடத்திட்டத்தை மாற்றியபோது பொறுத்துக்கொண்ட அரசு, உழவர் மொழியில் மேடையேறியதைப் பொறுக்கவில்லை.

சிறையில் கழிப்பறைத் தாளில் கிக்கூயூவில் அவர் எழுதிய நாவல் தமிழில் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்ற பெயரில் வந்திருக்கிறது. கைதானபோது அவர் இலக்கியத் துறையின் தலைவர். விடுதலைக்குப் பின் அந்த வேலை அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.