மணலுக்கு அடியில் பூச்சிமருந்து: டென்மார்க்கின் நச்சு நிலங்களும் அவற்றைத் துப்புரவாக்கும் இரசாயன முறைகளும்

டென்மார்க் மக்கள் குடிக்கும் நீர் ஏறக்குறைய முழுவதும் நிலத்துக்கு அடியிலிருந்தே எடுக்கப்படுகிறது. அதைக் காற்றோடு கலக்கச் செய்து, மணல் வடிகட்டிகளில் வடித்து, பெரும்பாலும் வேறு எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் குழாய்களுக்கு அனுப்புவதே அந்நாட்டின் வழமை. இதனால் மண்ணுக்குள் இறங்கும் நஞ்சு எதுவானாலும், அது அங்கே குடிநீர் பற்றிய கேள்வியாகவும் மாறிவிடுகிறது. மாசுபட்ட நிலங்களுக்கென 1983ஆம் ஆண்டிலேயே டென்மார்க் தனிச்சட்டம் இயற்றியதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

ஆனால் சட்டம் வருவதற்கு முன்னரே மண்ணுக்குள் போய்விட்ட நஞ்சை என்ன செய்வது என்ற கேள்விக்கு அந்நாடு இன்னமும் விடை தேடிக்கொண்டிருக்கிறது. அந்தத் தேடலின் மையத்தில் இருப்பது, யூட்லாந்து தீபகற்பத்தின் மேற்குக் கடற்கரையில் உள்ள ஹோஃப்த 42 என்ற இடம்.

நாற்பத்திரண்டாவது தூண்டில் வளைவு

தமிழகக் கடற்கரைகளில் தூண்டில் வளைவு என்று அழைக்கப்படும் கல் தடுப்பையே டேனிஷ் மொழியில் ஹோஃப்த என்கிறார்கள். வட கடலுக்கும் லிம்ஃபியோர்ட் நீர்ப்பரப்புக்கும் இடையில் ஹார்போயரே என்ற ஒடுங்கிய மணல் திட்டு நீள்கிறது. அதைக் கடலரிப்பிலிருந்து காக்க வரிசையாகக் கட்டப்பட்ட தடுப்புகளில் இது 42ஆவது.

கெமினோவா என்ற பூச்சிமருந்து நிறுவனம், 1950களின் முற்பகுதியில் தலைநகர் கோபன்ஹேகன் அருகிலிருந்து இந்த மணல் திட்டுக்குத் தனது தொழிற்சாலையை மாற்றியது. அதன் கழிவுகள் 1950களிலும் 60களிலும் இந்தத் தடுப்பின் பின்புறத்து மணலில் கொட்டப்பட்டன. அரசும் அதே இடத்தில் இரசாயனக் கழிவுகளைக் கொட்டியது. 1981இல் ஒரு பகுதி தோண்டி அகற்றப்பட்டது. எனினும் ஏறக்குறைய 100 டன் பூச்சிகொல்லிகள் மண்ணிலேயே தங்கிவிட்டதாக மதிப்பிடப்பட்டது. அவற்றில் பெரும்பகுதி பாரத்தியான். கூடவே பாதரசமும் இருந்தது.

பாரத்தியான் தென்னிந்தியாவுக்குப் புதிய பெயரல்ல. 1958இல் கேரளத்தில், கப்பலில் இந்த மருந்துடன் ஏற்றிவரப்பட்ட கோதுமை மாவில் அது கசிந்து கலந்ததால் நூற்றுக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். இந்தியாவின் பூச்சிமருந்துச் சட்டம் 1968இல் உருவாவதற்கு வித்திட்டது அந்தத் துயரமே. நரம்புகளின் செயற்பாட்டைக் குலைக்கும் இந்த நஞ்சு, மனிதருக்கும் பூச்சிக்கும் இடையே அதிக வேறுபாடு பார்ப்பதில்லை.

2006இல் ஹோஃப்த 42இல் மாசுபட்ட பகுதியைச் சுற்றி, சுமார் 14 மீட்டர் ஆழத்துக்கு எஃகுத் தகட்டுச் சுவர் இறக்கப்பட்டது. நஞ்சு கடலுக்குள் கசிவதைத் தடுப்பதே அதன் நோக்கம். ஆனால் உப்புக் காற்றும் அலையும் மோதும் கரையில் எஃகுக்கு ஓர் ஆயுள் உண்டு. சுவர் அவகாசம் தந்ததே தவிர தீர்வைத் தரவில்லை.

குடுவையில் எளிது

பாரத்தியானை அழிக்கும் வேதியியல் நீண்ட காலமாகவே அறியப்பட்ட ஒன்று. வலுவான காரக் கரைசலில், எடுத்துக்காட்டாகக் காஸ்டிக் சோடா கலந்த நீரில், அதன் மூலக்கூறு இரண்டாகப் பிளக்கிறது. இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். பிளந்த துண்டுகளின் நச்சுத்தன்மை மூலப்பொருளைவிட மிகக் குறைவு. அவை நீரில் நன்றாகக் கரையவும் செய்யும். எனவே அவற்றை இறைத்து வெளியே எடுத்து, நுண்ணுயிரிகளைக் கொண்டு இயங்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பிவிடலாம். துண்டுகளில் ஒன்றான நைட்ரோஃபீனால் காரக் கரைசலில் மஞ்சள் நிறம் காட்டுவதால், வினை நடப்பதைக் கண்ணாலேயே காணலாம்.

இதே வினையை மண்ணுக்குள் நடத்த முடியுமா என்று பார்ப்பதற்காக 2010இல் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் லைஃப் நிதியத்தின் உதவியோடு, மத்திய யூட்லாந்துப் பிராந்திய நிர்வாகமும் டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமையும் அதில் இணைந்தன. எஃகுத் தகடுகளால் பிரிக்கப்பட்ட சோதனைக் கட்டங்களுக்குள் காரநீர் செலுத்தப்பட்டு, பின்னர் இறைக்கப்பட்டது.

வினை நடந்தது. ஆனால் குடுவையில் கண்ட வேகம் மண்ணில் கிடைக்கவில்லை. பாரத்தியான் நீரைவிடக் கனமான எண்ணெய். ஒரு லிட்டர் நீரில் சில பத்து மில்லிகிராமுக்கு மேல் கரையாது. மணற்பரல்களுக்கு இடையிலும் களிமண் படலங்களின் மேலும் சிறு சிறு துளிகளாக அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே செலுத்தப்படும் காரநீரோ தனக்கு எளிதான பாதையைத் தேடிப் பருமணல் வழியே ஓடிவிடும். துளியின் மேற்பரப்பில் மட்டுமே வினை நடக்கும். உள்ளே இருப்பது காத்திருக்கும். போதாக்குறைக்கு, டென்மார்க்கின் நிலத்தடி நீர் ஆண்டு முழுவதும் சுமார் 8 முதல் 10 பாகை செல்சியஸ் குளிரிலேயே இருக்கிறது. குளிரில் வினைகள் மந்தமடையும் என்பது சமையலறையில் நிற்பவர் எவருக்கும் தெரிந்ததே.

நஞ்சுக்கு எதிரான மருந்தைக் கண்டுபிடிப்பதைவிட, அந்த மருந்தை நஞ்சிடம் கொண்டு சேர்ப்பதே கடினம் என்பதை இந்தச் சோதனைகள் காட்டின. இறுதியில் ஹோஃப்த 42இல் காஸ்டிக் சோடாவைவிட, மண்ணைச் சூடாக்கி நஞ்சைப் பிரித்தெடுக்கும் வெப்ப முறையின் பக்கமே அதிகாரிகளின் கவனம் திரும்பியது. பாதரசம் அங்கே இருப்பதும் இதில் கருத்தில் கொள்ளப்பட வேண்டிய ஒன்று. பாரத்தியானைச் சிதைக்கலாம். பாதரசம் ஒரு தனிமம். எந்த இரசாயனமும் அதை இல்லாமல் செய்ய முடியாது.

மணல்மேடுகளும் இரும்புத் தூளும்

தெற்கே கேர்கோர் என்ற இடத்து மணல்மேடுகளில் இன்னொரு பழைய கணக்கு இருக்கிறது. கிரின்ஸ்டெட் நகரின் மருந்துத் தொழிற்சாலை 1956 முதல் 1973 வரை சுமார் 2 இலட்சத்து 80 ஆயிரம் கனமீட்டர் கழிவுநீரை இங்குள்ள குழிகளில் ஊற்றியது. சல்ஃபா மருந்துகளின் எச்சங்கள், சயனைடு, பாதரசம், குளோரின் கலந்த கரைப்பான்கள் எல்லாம் அதில் இருந்தன. அருகிலுள்ள கடற்கரையின் ஒரு பகுதியில் குளிப்பதற்கு நீண்ட காலம் தடை இருந்தது. 1980களில் அகதிகளாக வந்த இலங்கைத் தமிழர் பலர் குடியமர்ந்த சிறுநகரங்கள் யூட்லாந்திலேயே உள்ளன. அபிராமி அம்மன் கோவிலால் தமிழரிடையே அறியப்பட்ட பிராண்டே, கிரின்ஸ்டெட்டிலிருந்து வெகு தொலைவில் இல்லை.

கேர்கோரில் மேல்மண் ஒரு பகுதி தோண்டி அகற்றப்பட்டது. நீர்மட்டத்துக்குக் கீழே பெர்சல்ஃபேட் என்ற வலுவான ஆக்சிஜனேற்றியைச் செலுத்தும் சோதனைகள் நடத்தப்பட்டன. ஆக்சிஜனேற்றம் என்பது, சுருங்கச் சொன்னால், நஞ்சைத் தீயின்றி எரிப்பது. காயம் கழுவப் பயன்படும் ஊதா நிறப் பெர்மாங்கனேட்டும், ஹைட்ரஜன் பெராக்சைடும் இதே வகையைச் சேர்ந்தவை. இவற்றின் குறை என்னவெனில், நஞ்சையும் இயற்கையான மக்கையும் இவை பிரித்தறிவதில்லை. கரிமப்பொருள் நிறைந்த மண்ணில் செலுத்தினால் பெரும்பகுதி அந்த மண்ணுக்கே செலவாகிவிடும். பெர்மாங்கனேட் பழுப்பு நிற மாங்கனீஸ் படிவை விட்டுச்சென்று மண்ணின் நுண்துளைகளை அடைக்கவும் கூடும். சிகிச்சை முடிந்து சில மாதங்களில், களிமண்ணுக்குள் ஊறியிருந்த நஞ்சு மெல்ல வெளியே வந்து, கிணற்று அளவீடுகளை மீண்டும் உயர்த்துவதும் உண்டு. சிகிச்சை முடிந்த மறுமாதமே வெளியிடப்படும் வெற்றி அறிக்கைகளை ஐயத்தோடு பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

ஆக்சிஜனேற்றத்துக்கு நேரெதிரான வழியையும் டென்மார்க் முயன்று பார்த்திருக்கிறது. உலோக இரும்பு துருப்பிடிக்கும்போது விடுவிக்கும் எலக்ட்ரான்கள், டிரைகிளீனிங் கடைகளும் உலோகப் பட்டறைகளும் பயன்படுத்திய கரைப்பான்களிலிருந்து குளோரினைக் கழற்றிவிடும். ஃபியூன் தீவின் சோனர்சோவில், கரைப்பான் மறுசுழற்சி ஆலை இருந்த இடத்தில், நிலத்தடி நீரின் பாதைக்குக் குறுக்கே இரும்புத் துகள் நிரப்பிய சுவர் 1999இல் அமைக்கப்பட்டது. நீர் ஊடுருவிச் செல்லும். நஞ்சு வழியில் சிதையும். நஞ்சைத் தேடிப் போகாமல் அது வரும் வழியில் காத்திருப்பதே இந்த முறையின் சாமர்த்தியம். ஆனால் ஊற்றுக்கண் அப்படியே இருப்பதால் காத்திருப்பும் நீளும்.

2008இல் ஸ்குல்டெலெவ் என்ற ஊரில் சற்று முரட்டுத்தனமான வழி கையாளப்பட்டது. பெரிய துளைப்பான்களால் மண்ணைக் கிளறி, அதனோடு இரும்புத் தூளும் களிமண்ணும் பிசைந்து விடப்பட்டன. மருந்து நஞ்சைச் சென்றடையாத சிக்கலுக்கு இது நேரடியான பதில். இதற்கு விலையும் உண்டு: பிசைந்த நிலம் இளகிவிடுவதால், வலுப்படுத்தாமல் அதன்மேல் கட்டடம் எழுப்ப இயலாது.

யார் செலுத்துவது?

டென்மார்க்கின் மண் மாசுச் சட்டத்தின் கடுமையான பொறுப்பு விதி, 2001 ஜனவரி முதலாம் திகதிக்குப் பின் நேர்ந்த மாசுக்கே பொருந்தும். அதற்கு முந்திய பெரும் மாசுகளின் செலவு பெரும்பாலும் பொதுப்பணத்தின் மீதே விழுகிறது. கெமினோவாவின் பங்குகள் 1944 முதல் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிதியத்தின் வசம் இருந்தன. 2015இல் நிறுவனம் அமெரிக்காவின் எஃப்எம்சிக்குக் கைமாறியது. ஆராய்ச்சிக்குச் சென்ற இலாபத்தில் துப்புரவுக்கு எவ்வளவு வரவேண்டும் என்ற விவாதம் அங்கே எழுந்ததில் வியப்பில்லை. ஹோஃப்த 42, கேர்கோர், கிரின்ஸ்டெட் உள்ளிட்ட பத்து இடங்கள் 'தலைமுறை மாசுகள்' என வகைப்படுத்தப்பட்டன. அவற்றுக்காக 2021 முதல் 2025 வரையான காலத்துக்கு 63 கோடி குரோனர் ஒதுக்க நாடாளுமன்றக் கட்சிகள் உடன்பட்டன.

சுன்னாகமும் ராணிப்பேட்டையும்

தமிழர் பகுதிகளிலும் இதே கேள்விகள் உள்ளன. யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் அனல்மின் நிலையத்தின் எண்ணெய்க் கழிவு கிணறுகளில் கலந்தது தொடர்பான வழக்கில், இலங்கை உச்சநீதிமன்றம் 2019 ஏப்ரலில் நொதர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அங்கே ஆக்சிஜனேற்ற முறைகளை யோசிப்பவர்கள், யாழ் குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல் என்பதை முதலில் கணக்கில் எடுக்க வேண்டும். பெராக்சைடு முறைக்குப் பெரும்பாலும் தேவைப்படும் அமிலத்தைச் சுண்ணாம்பு உடனே முறித்துவிடும். நீரில் கரைந்துள்ள கார்பனேட்டுகள் வினைபுரியும் துகள்களை இடைமறித்து விழுங்கும். வெடிப்புகள் நிறைந்த பாறையில், செலுத்திய மருந்து எந்தக் கிணற்றில் தலைகாட்டும் என்று முன்கூட்டியே சொல்வதும் எளிதல்ல.

ராணிப்பேட்டையின் நிலை வேறு. 1990களில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை விட்டுச்சென்ற ஒன்றரை இலட்சம் டன்னுக்கும் அதிகமான கழிவில் இருப்பது அறுமதிப்புக் குரோமியம். இதுவும் தனிமமே, அழிக்க முடியாது. ஆனால் இரும்பு சல்ஃபேட் போன்றவற்றைக் கொண்டு, நீரில் எளிதில் கரையாத, நச்சுத்தன்மை குறைந்த மும்மதிப்பு வடிவுக்கு மாற்ற முடியும். மாற்றிய பின்னரும் அது அதே இடத்தில்தான் இருக்கும். மழைநீர் ஊடுருவாத மூடாக்கும், சுற்றுப்புறக் கிணறுகளைப் பல்லாண்டுகள் சோதிக்கும் ஏற்பாடும் அந்தச் செலவுக் கணக்கில் சேர்க்கப்பட வேண்டியவை.