கழுத்து வலியும் தண்டுவடக் குறியும்: நோயாளியின் கூற்று மருத்துவச் சான்றான வரலாறு

முன்னுரை

தலையை முன்புறம் குனியும்பொழுது மின்சாரம் பாய்ந்தாற்போன்ற அதிர்வு, கழுத்திலிருந்து முதுகு வழியே கை கால்களுக்கு ஓடுவதாகச் சில நோயாளிகள் கூறுவர். நரம்பியலில் இது 'லெர்மித் குறி' எனப்படும். கழுத்துப் பகுதியில் தண்டுவடம் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதைச் சுட்டும். பிறர் கண்ணுக்குப் புலப்படாது, நோயாளி மட்டுமே உணர்ந்து கூறும் ஒன்று மருத்துவச் சான்றாக ஏற்கப்பட்டது எவ்வாறு என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தண்டுவட உறுத்தல்

1828இல் கிளாஸ்கோ மருத்துவர் தாமஸ் பிரௌன், முதுகெலும்பின் குறிப்பிட்ட இடத்தை அழுத்தும்பொழுது தோன்றும் வலியை உடலின் பிற பகுதிகளில் எழும் வலியோடு தொடர்புபடுத்தினார். 1834இல் அயர்லாந்தின் லிமெரிக் நகரைச் சேர்ந்த வில்லியம் கிரிஃபின், டேனியல் கிரிஃபின் என்னும் உடன்பிறந்தோர் இத்தகைய நோயாளர் பலரின் வரலாறுகளை நூலாகத் தொகுத்தனர். நோயாளருள் பெண்களே மிகுதி. வலியுள்ள இடத்தில் அட்டை விடுதலும் கொப்புளம் எழுப்பும் மருந்திடுதலும் சிகிச்சைகளாக இருந்தன. ஆயினும் தண்டுவடத்தில் நோய்மாற்றம் எதனையும் காட்ட இயலாமையால் இக்கருத்தாக்கம் காலப்போக்கில் செல்வாக்கிழந்தது. அப்பெண்கள் கூறிய வலி பெரும்பாலும் 'ஹிஸ்டீரியா' முதலிய பெயர்களுக்குள் அடக்கப்பட்டது.

போர்க் காயங்களும் புதிய குறியும்

முதல் உலகப்போர் இந்நிலையை மாற்றியது. 1917இல் பியேர் மாரியும் ஷாட்லானும், தலையில் காயமுற்ற வீரர் சிலர் தலையைக் குனியும்பொழுது இவ்வுணர்வைக் கூறியதைப் பதிவு செய்தனர். அதனை நரம்பு வேர்களிலிருந்து எழுவதாக அவர்கள் கருதினர். 1918இல் பாபின்ஸ்கியும் துயுபுவாவும் தண்டுவடக் காயமுற்ற ஒருவரிடம் இதனை விவரித்தனர். 1920இல் தண்டுவட அதிர்ச்சி பற்றி எழுதிய ழாக் லெர்மித், 1924இல் பொல்லாக், நிக்கொலா ஆகியோருடன் சேர்ந்து, பல்திசுக் கடினமாதல் நோயிலும் இது தோன்றுவதைக் காட்டினார். முதலில் பதிவு செய்தவர் அல்லர் எனினும், இக்குறி அவர் பெயராலேயே நிலைபெற்றது.

ஏற்புக்கான காரணங்கள்

இவ்வேற்புக்கு மூன்று காரணங்களைக் கூறலாம். முதலாவது, இவ்வுணர்வு ஒரு குறிப்பிட்ட அசைவோடு பிணைந்தது. குனியச் சொல்லி மீண்டும் வினவ முடிந்தது. இரண்டாவது, 1896இல் பாபின்ஸ்கி விளக்கிய பாத மறிவினை போன்ற, மருத்துவரே காணத்தக்க குறிகள் உடன்நின்று துணைபுரிந்தன. மூன்றாவது, உடற்கூற்று விளக்கம் கிடைத்தது: குனியும்பொழுது தண்டுவடம் நீள்கிறது, மயலின் உறை இழந்த பின்புற நரம்பிழைகள் அவ்விழுப்பால் தூண்டப்படுகின்றன.

1952இல் பிரெய்ன், நார்த்ஃபீல்ட், வில்கின்சன் ஆகியோர் கழுத்தெலும்புத் தேய்மானத்தின் நரம்பியல் விளைவுகளை விரிவாக வெளியிட்டனர். தேய்மானத்தால் தண்டுவடம் நெருக்குண்ட நிலையிலும் இக்குறி காணப்படுவதால், அன்றாடக் கழுத்து வலியை ஆராய்வோர்க்கும் இது இன்றியமையாத வினாவாயிற்று.

முடிவுரை

தமிழில் 'அறிகுறி' என்னும் ஒரே சொல், நோயாளி உணர்வதையும் மருத்துவர் காண்பதையும் குறிக்கப் பயன்படுகிறது. மேலை மருத்துவம் இவ்விரண்டையும் வேறு சொற்களால் பிரிக்கிறது. ஆயினும் நோயாளி உணர்வதாகிய இது, மருத்துவர் காண்பதற்குரிய 'குறி' என்னும் பெயரையே பெற்றுள்ளது. கிரிஃபின் உடன்பிறந்தோர் கண்ட பெண்களுக்குத் தண்டுவட நோய் இருந்தது என்று இதனால் நிறுவ இயலாது. எனினும் ஒரு கூற்று சான்றாவதற்கு அதன் உண்மை மட்டும் போதுவதில்லை; அதனைச் சோதிக்கும் முறையும் விளக்கும் அறிவும் கூறுபவர்க்குரிய மதிப்பும் வேண்டும் என்பதை இவ்வரலாறு புலப்படுத்துகிறது.