கருமுட்டை ஒரே ஒரு விந்தணுவை மட்டும் ஏற்பது எவ்வாறு?

கருவுறுதலின்போது பல கோடி விந்தணுக்கள் புறப்பட்டாலும், கருக்குழாயில் உள்ள கருமுட்டையின் அருகே சென்று சேர்பவை சில நூறு மட்டுமே. அவற்றுள்ளும் ஒன்றே முட்டைக்குள் நுழைய வேண்டும். தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23 என 46 குரோமோசோம்கள் அமைந்தால்தான் கரு முறையாக வளரும். இரண்டு விந்தணுக்கள் நுழைந்தால் எண்ணிக்கை 69 ஆகிவிடும். இந்நிலை மும்மடியம் எனப்படும்.

முட்டையின் தற்காப்பு

பாலூட்டிகளின் முட்டையைச் சுற்றி சோனா பெலூசிடா என்னும் புரத உறை உள்ளது. மனித முட்டையில் இவ்வுறை நான்கு வகைப் புரதங்களாலும், சுண்டெலியில் மூன்று வகைப் புரதங்களாலும் ஆனது. புதுதில்லியில் உள்ள தேசிய நோய்த்தடுப்பியல் நிறுவனத்தில் சதீஷ் குமார் குப்தா குழுவினர் இப்புரதங்களை விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

முதல் விந்தணு முட்டையின் சவ்வுடன் இணைந்தவுடன் முட்டைக்குள் கால்சியம் அலையலையாக உயர்கிறது. அதன் விளைவாகப் பின்வரும் மாற்றங்கள் நிகழ்கின்றன:

1. உறையின் தடை: முட்டையின் விளிம்பில் காத்திருக்கும் புறணித் துகள்கள் தம்முள் இருக்கும் பொருள்களை வெளியேற்றுகின்றன. அவற்றுள் ஒன்றான ஓவஸ்டாசின் என்னும் நொதி, உறையில் உள்ள இசட்.பி.2 புரதத்தை வெட்டுகிறது. விந்தணுக்கள் பற்றுவதற்கு இப்புரதம் தேவை என்பதால், புதிய விந்தணுக்கள் உறையில் ஒட்ட இயலாது. முட்டை வெளியிடும் துத்தநாகமும் உறையை இறுக்க உதவுகிறது.

2. சவ்வின் தடை: விந்தணுவின் இசுமோ1 புரதம், முட்டைச் சவ்வின் ஜூனோ புரதத்துடன் இணைவதே நுழைவுக்கு வழி. முதல் இணைவுக்குப் பின் ஏறத்தாழ அரை மணி முதல் முக்கால் மணி நேரத்திற்குள் ஜூனோ சவ்விலிருந்து உதிர்ந்துவிடுகிறது. இப்பிணைப்பு 2014 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது.

கடல் முள்ளெலியின் முட்டையில் நொடிகளில் செயல்படும் மின்தடை உண்டு. பாலூட்டிகளில் அத்தகைய தடை முதன்மையானதன்று. முயலின் முட்டை பெரிதும் சவ்வின் தடையையே நம்பியுள்ளது.

தடை தவறினால்

இரண்டு விந்தணுக்கள் ஒரே முட்டைக்குள் நுழைந்த கர்ப்பங்களில் பெரும்பாலானவை தொடக்க மாதங்களிலேயே கலைந்துவிடும். சில, பகுதி முத்துப்பிள்ளைக் கர்ப்பமாக மாறும். அதில் நஞ்சுக்கொடித் திசு நீர்க்குமிழிகள் போல் வீங்கி வளரும். முழு முத்துப்பிள்ளைக் கர்ப்பம் வேறு வகை. அது பெரும்பாலும் தாயின் உட்கரு இல்லாத முட்டையிலிருந்து உருவாகிறது.

பெண்ணின் நடத்தையோ, வீட்டு வேலையோ, கணவரின் செயலோ இதற்குக் காரணமன்று. யாரையும் பழிக்க வேண்டாம்.

இரட்டைக் குழந்தைகள் பொதுவாக இரு விந்தணுக்கள் ஒரே முட்டையில் நுழைவதால் பிறப்பதில்லை. இரு முட்டைகள் தனித்தனியே கருவுற்றாலோ, கருவுற்ற ஒரு முட்டை பின்னர் இரண்டாகப் பிரிந்தாலோ இரட்டையர் உருவாகின்றனர்.

செயற்கைக் கருத்தரிப்பில்

ஆய்வகத்தில் முட்டையுடன் விந்தணு சேர்க்கப்பட்ட 16 முதல் 18 மணி நேரத்திற்குப் பின் கருவியலாளர் முட்டையைச் சோதிப்பார். இரண்டு முன்உட்கருக்கள் தெரிவது இயல்பு. மூன்று தெரிந்தால் அக்கரு பொதுவாகக் கருப்பையில் வைக்கப்படுவதில்லை. சிகிச்சை பெறுவோர், 2021 ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்ப உதவி ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற மையமா என உறுதி செய்துகொள்ள வேண்டும்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

• கர்ப்பத் தொடக்கத்தில் இரத்தப்போக்கு
• கடுமையான, ஓயாத வாந்தி
• திராட்சை போன்ற குமிழிகள் வெளியேறுதல்
• நாள் கணக்கை மிஞ்சிய வயிற்றுப் பெருக்கம்

செட்டிநாட்டுப் பகுதியினர் காரைக்குடி அரசு மருத்துவமனையையோ, சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ உடனே அணுகலாம். அவசர ஊர்திக்கு 108, ஆலோசனைக்கு 104 என்ற எண்களை அழைக்கலாம்.

முத்துப்பிள்ளைக் கர்ப்பம் உறுதியானால் கருப்பை உறிஞ்சு முறையில் சுத்தம் செய்யப்படும். வெளியேற்றிய திசு ஆய்வுக்கு அனுப்பப்படும். பின்னர் இரத்தத்தில் கர்ப்ப ஹார்மோன் அளவு இயல்பாகும் வரை தொடர் சோதனை இன்றியமையாதது. உடல் நலமாக இருப்பதாகத் தோன்றினாலும் அதைக் கைவிடக் கூடாது. சிலருக்கு எஞ்சிய திசு மீண்டும் வளரக்கூடும். விரைவில் கண்டறிந்தால் மருந்துகளால் பெரும்பாலும் முற்றிலும் குணமாகும். மருத்துவர் அனுமதிக்கும் வரை அடுத்த கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். அதன்பின் பெரும்பாலான பெண்கள் நலமான குழந்தையைப் பெறுகின்றனர்.