சேர்க்கைப் பதிவேடும் ஒரு பாடம்தான்

தலைமையாசிரியை நிர்வாகம் பார்ப்பதா, கற்பித்தலை வழிநடத்துவதா என்று இன்றும் கேட்கிறோம். இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதற்குச் சகோதரி சுப்புலட்சுமியின் வரலாற்றையே நான் சான்றாகக் கொள்கிறேன்.

1886இல் பிறந்து, சிறுமியாக இருக்கும்போதே விதவையாக்கப்பட்டவர் அவர். 1911இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பெண் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் கிடைக்காத காலம் அது. இளம் விதவைகளை ஆசிரியைகளாக்க அவர் நடத்திய விடுதி, பின்னர் கடற்கரை ஐஸ் ஹவுஸில் இயங்கியது. 1922இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பும் அவரிடம் வந்தது.

விடுதியில் இடம் ஒதுக்குவது நிர்வாக வேலை. ஆனால் அந்த இடம் கிடைக்காத பெண்ணுக்கு வகுப்பறையே இல்லை. சமையல், செலவுக் கணக்கு, மொட்டையடித்த தலையோடு வந்தவளுக்கு ஒரு பாய்: பாடம் அங்கிருந்தே தொடங்கியது.

அந்த விடுதி பார்ப்பன விதவைகளுக்கு மட்டுமே திறந்திருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். யாருக்குக் கல்வி உண்டு என்பதை அதன் சேர்க்கைப் பதிவேடும் கற்பித்தது.

‘சகோதரி’ என்னும்போது அவர் உழைப்பு சேவையாகச் சுருங்கிவிடுகிறது. நான் அவரை நிர்வாகி என்றே எழுத விரும்புகிறேன். அப்போதுதான் அவர் சாதித்ததைப் போற்றவும், விலக்கியதைக் கேள்வி கேட்கவும் முடியும்.