கடைக் கணக்கு நோட்டிலிருந்து கணினிக்கு: சிறு வியாபாரிகளுக்கு ஓர் ஈஆர்பி வழிகாட்டி

ஜனாஸா தொழுகை நேரத்தில் நம் ஊர்ப் பள்ளிகளில் ஓர் அறிவிப்புச் செய்வார்கள். இறந்தவர் யாருக்காவது கடன் தர வேண்டியிருந்தால் அவருடைய பிள்ளைகளிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். கடை நடத்தியவர் இறந்த வீட்டில் அதற்குப் பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. மொத்த வியாபாரிக்கு எவ்வளவு பாக்கி, கடனுக்குச் சரக்கு எடுத்தவர்கள் யார் யார், கடையில் கிடக்கும் சரக்கின் மதிப்பு என்ன, தம்பி போட்ட பணம் கடனா, பங்கா? இவை எல்லாம் அவருடைய நினைவில் மட்டுமே இருந்தன. பிள்ளைகளின் கையில் இருப்பதோ பாதி எழுதிய ஒரு நோட்டும் ஒரு கட்டு பில்லும்தான்.

தவணை குறித்துக் கொடுக்கும் கடனை எழுதி வைக்கும்படி திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் (2:282) நமக்குக் கட்டளையிடுகிறது. வாரிசுப் பங்கைப் பற்றிய வசனங்கள் (4:11, 12), இறந்தவரின் மரண சாசனத்தையும் கடனையும் நிறைவேற்றிய பிறகே சொத்தைப் பிரிக்கச் சொல்கின்றன. ஆகவே கணக்கு எழுதுவது வரி அதிகாரிக்காக மட்டும் செய்யும் வேலை அல்ல. இன்று அந்தக் கணக்கை எழுதும் கருவிகளில் ஒன்றுதான் ஈஆர்பி மென்பொருள்.

ஈஆர்பி என்றால் என்ன?

தமிழில் இதை 'நிறுவன வளத் திட்டமிடல்' என்பார்கள். 1990-இல் கார்ட்னர் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் சூட்டிய பெயர் இது. பெயர்தான் பெரிது, கருத்து எளிது. கொள்முதல், இருப்பு, விற்பனை, கடன், வரி, சம்பளம் ஆகிய எல்லாக் கணக்குகளும் ஒரே இடத்தில் ஒன்றோடொன்று இணைந்து ஓடுவதே ஈஆர்பி.

ஒரு சட்டையை விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வெறும் பில் போடும் மென்பொருள் பில்லை அச்சடித்துத் தருவதோடு நின்றுவிடும். ஈஆர்பியில் பில் போட்ட அந்த நொடியே இருப்பில் ஒன்று குறையும். வரித் தொகை தனிக் கணக்கில் ஏறும். பணம் கல்லாவுக்கு வந்ததா, யுபிஐ வழியாக வந்ததா, கடனா என்பது பதிவாகும். அந்த அளவுச் சட்டை குறைந்துவிட்டால், அடுத்த கொள்முதலில் எடுக்க வேண்டியவற்றின் பட்டியலிலும் சேரும்.

எல்லாக் கடைக்கும் தேவையா?

தேவையில்லை. ஒருவரே நின்று நடத்தும் சிறிய மளிகைக் கடைக்கு ஒழுங்கான நோட்டோ சாதாரண பில் மென்பொருளோ போதும். கீழ்க்கண்டவற்றில் இரண்டு உங்கள் கடைக்குப் பொருந்தினால் யோசிக்கத் தொடங்கலாம்:

- இரண்டாவது கிளையோ தனிக் கிடங்கோ இருக்கிறது.
- அண்ணன் தம்பிகளோ நண்பர்களோ கூட்டாக முதல் போட்டிருக்கிறீர்கள்.
- முதலாளி வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருக்கிறார், ஊரில் உறவினர் கடையைப் பார்த்துக்கொள்கிறார்.
- கடன் விற்பனை அதிகம்.
- அளவு, நிறம், காலாவதித் தேதி என்று ஒரே பொருளில் பல வகைகள் இருக்கின்றன.

எதைத் தேர்ந்தெடுப்பது?

நம் பகுதிக் கணக்காளர்களுக்கு நன்கு பழகியது பெங்களூருவின் டாலி. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோகோவும் கணக்கு, இருப்பு ஆகியவற்றுக்கான மென்பொருள்களைத் தருகிறது. மும்பையில் உருவான ஈஆர்பிநெக்ஸ்ட் திறமூல மென்பொருள். பெல்ஜியத்தின் ஓடூவுக்கும் இலவசமான சமூகப் பதிப்பு ஒன்று உண்டு. மென்பொருள் இலவசம் என்றாலும் அதை நிறுவி, பராமரித்து, ஆட்களுக்குக் கற்றுத் தரச் செலவாகும் என்பதை மறக்கக் கூடாது.

விலையைக் கேட்பதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இணையம் போனால் பில் போட முடியுமா? வேண்டாம் என்று விலகும்போது என் தரவு முழுவதையும் எக்செல் கோப்பாக எடுத்துக்கொள்ள முடியுமா? என் கணக்காளர் இதைப் பயன்படுத்துவாரா? பழுது என்றால் எங்கள் ஊரில் உதவிக்கு ஆள் இருக்கிறாரா?

பெரியவர்கள் தடுமாறிய இடம்

அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் 11 கோடி டாலருக்கு மேல் செலவழித்து, 1999 ஜூலையில் புதிய அமைப்புக்கு ஒரேயடியாக மாறியது. அதன் பெரிய விற்பனைக் காலம் இலையுதிர் காலப் பண்டிகைகள்தான். கிடங்கில் சரக்கு இருந்தும் சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை நேரத்துக்கு அனுப்ப முடியாமல் போனது.

ஜெர்மனியின் லிடில் சில்லறை விற்பனைக் குழுமம் ஏழு ஆண்டுகள் முயன்று, சுமார் 50 கோடி யூரோ செலவானதாகச் சொல்லப்படும் நிலையில், 2018-இல் தன் திட்டத்தைக் கைவிட்டது. சரக்கைக் கொள்முதல் விலையில் மதிப்பிடுவது லிடிலின் வழக்கம். மென்பொருளோ விற்பனை விலையை அடிப்படையாகக் கொண்டது. இந்த முரண்பாடும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது.

நமக்கு இதில் இரண்டு பாடங்கள் உண்டு. ரமலானுக்கோ பக்ரீதுக்கோ தீபாவளிக்கோ முந்தைய இரண்டு மாதங்களில் மாறாதீர்கள். உங்கள் கடையின் வழக்கத்தையும் மென்பொருளின் வழக்கத்தையும் பணம் கட்டுவதற்கு முன்பே ஒப்பிட்டுப் பாருங்கள்.

மாறும் முறை

1. பொருள் பட்டியல்: ஒரே பொருளை மூன்று பெயரில் எழுதியிருப்போம். ஒரு பொருளுக்கு ஒரு பெயர், ஒரு குறியீடு என்று முதலில் ஒழுங்குபடுத்துங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் இதில் அவசரப்பட்டால் பிறகு எல்லாமே தவறாகும்.

2. சரக்கு எண்ணிக்கை: ஒரு நாள் கடையை மூடி, கையால் எண்ணுங்கள். பழைய நோட்டில் உள்ள இருப்பை அப்படியே கணினியில் ஏற்றாதீர்கள்.

3. பாக்கிகள்: தர வேண்டியவர், வர வேண்டியவர் ஒவ்வொருவரிடமும் தொகையைச் சொல்லி ஒப்புதல் பெற்ற பிறகே பதிவு செய்யுங்கள். பழைய தகராறுகள் பல இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும்.

4. இரட்டைக் கணக்கு: ஒரு மாதம் நோட்டும் கணினியும் சேர்ந்து ஓடட்டும். ஒவ்வொரு இரவும் கல்லாவில் உள்ள பணம் இரண்டோடும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாத நாளில், காரணம் தெரியாமல் கடையைப் பூட்டாதீர்கள்.

5. ஆட்கள்: கடையில் பத்து ஆண்டுகளாக நிற்கும் பெரியவருக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள். தன்னைச் சந்தேகப்பட்டுத்தான் கணினி வைக்கிறார்கள் என்று அவர் நினைத்தால் எந்த மென்பொருளும் ஓடாது. ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் கொடுங்கள். போட்ட பில்லை அழிக்கும் உரிமை ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும்.

6. நகல்: தினமும் கணக்கின் நகல் ஒன்று கடைக்கு வெளியே சேமிக்கப்பட வேண்டும்.

கொள்முதல் பில்களைப் பதிவு செய்யும் வேலையைக் கடையில்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. வணிகவியல் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் மகளோ மருமகளோ இதைச் சிறப்பாகச் செய்ய முடியும். அப்படிச் செய்தால் அதற்குரிய ஊதியத்தையும் கொடுங்கள்.

ஜிஎஸ்டி

தமிழ்நாட்டில் பொருள்களை மட்டும் விற்பவரின் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு கட்டாயம். வேறு மாநிலத்துக்கு அனுப்புவது போன்ற சில நிலைகளில் அதற்கு முன்பே பதிவு தேவைப்படும். விற்றுமுதல் 1.5 கோடி வரை உள்ளவர்கள் தொகுப்புத் திட்டத்தில் சேரலாம். அதில் வணிகர் கட்டுவது விற்றுமுதலில் 1 சதவீதம். ஆனால் வாடிக்கையாளரிடம் வரி வாங்கக் கூடாது, கொள்முதலில் கட்டிய வரியையும் திரும்பப் பெற முடியாது.

வரி விகிதம் மாறும்போதுதான் மென்பொருளின் பயன் தெரியும். 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் உருப்படியின் விற்பனை மதிப்பு 2,500 ரூபாய் வரை உள்ள ஆயத்த ஆடைகளுக்கு 5 சதவீதமும், அதற்கு மேல் 18 சதவீதமும் வரி. அதுவரை எல்லை 1,000 ரூபாயாக இருந்தது. பொருள் பட்டியலை ஒழுங்காக வைத்திருப்பவர் விதியை ஓரிடத்தில் திருத்தினால் போதும். மற்றவர் ஒவ்வொரு பில்லிலும் யோசிக்க வேண்டியிருக்கும். கணக்குப் புத்தகங்களை ஆண்டு அறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஜகாத்

பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்துப்படி, வியாபாரச் சரக்குக்கு ஜகாத் உண்டு. ஜகாத் கடமையாகும் நாளில் உள்ள சந்தை விலையில் அதை மதிப்பிட வேண்டும். பல கடைகளில் நடப்பது என்ன? ரமலானில் ஒரு தொகையை மனதில் நினைத்துக் கொடுத்துவிடுகிறோம். அது கூடுதலா குறைவா என்று நமக்கே தெரியாது.

ஓர் எடுத்துக்காட்டு. சரக்கின் சந்தை மதிப்பு 18 லட்சம், கையிலும் வங்கியிலும் 2 லட்சம், நிச்சயமாக வரக்கூடிய பாக்கி 3 லட்சம். மொத்தம் 23 லட்சம். உடனே தர வேண்டிய கடன் 7 லட்சத்தைக் கழித்தால் 16 லட்சம். அதில் 2.5 சதவீதம் 40,000 ரூபாய். கடை அலமாரிகள், கணினி, வண்டி ஆகியவை விற்பனைச் சரக்கு அல்ல என்பதால் இதில் சேராது. கடனைக் கழிப்பதிலும் வராக்கடனிலும் கருத்து வேறுபாடுகள் உண்டு. உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அவரிடம் கேட்பதற்கு உங்களிடம் சரியான தொகைகள் இருக்க வேண்டும்.

மென்பொருள் வழக்கமாகக் காட்டுவது கொள்முதல் மதிப்பு. ஜகாத்துக்கு விற்பனை விலை வாரியான இருப்பு அறிக்கையைத் தனியாக எடுக்க வேண்டும். ஹிஜ்ரி ஆண்டு ஆங்கில ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு என்பதால் மார்ச் 31 கணக்கை இதற்கு அப்படியே பயன்படுத்தாதீர்கள்.

கூட்டாளிகளும் அமானிதமும்

அண்ணன் தம்பிகள் சேர்ந்து நடத்தும் கடையில் யார் எவ்வளவு முதல் போட்டார், யார் சம்பளத்துக்கு உழைக்கிறார், வீட்டுச் செலவுக்கு யார் எவ்வளவு எடுத்தார் என்பவற்றுக்குத் தனித்தனிக் கணக்குத் தொடங்குங்கள். மகளின் திருமணத்துக்குக் கல்லாவிலிருந்து எடுத்த பணமும் அதில் வர வேண்டும். உறவு நன்றாக இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். மனக்கசப்பு வந்த பிறகு கணக்குக் கேட்டால் அது குற்றச்சாட்டாகத்தான் காதில் விழும்.

உரிமம் இல்லாத 'கிராக்' மென்பொருளை வாங்காதீர்கள். அது பிறர் உழைப்பைத் திருடுவது. அதோடு, அதன் வழியாக வைரஸ் புகுந்து மொத்தக் கணக்கும் அழிந்துபோகும் ஆபத்தும் உண்டு. தவணையில் வாங்குவதாக இருந்தால் அதில் வட்டி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர்களின் கைபேசி எண்களும் கடன் விவரங்களும் நம்மிடம் உள்ள அமானிதம், வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. கடவுச்சொல்லையும் நகல் இருக்கும் இடத்தையும் மனைவியிடமோ பொறுப்பான பிள்ளையிடமோ சொல்லி வையுங்கள். நோட்டாவது அலமாரியில் கிடைக்கும். கடவுச்சொல் தெரியாத கணினி, பூட்டிய பெட்டிதான். நமக்குப் பிறகு நம் பிள்ளைகள் தயக்கமின்றிக் கடன்காரருக்குப் பதில் சொல்லும்படி நம் கணக்கு இருக்கட்டும்.

அல்லாஹ் நம் வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக. யாருடைய உரிமையையும் சுமக்காதவர்களாக நம்மை ஆக்குவானாக. ஆமீன்.