கடைமடைக்குச் சேராத ஒலி

பொதிகையிலே பிறந்து வரும் தாமிரபரணியோடு, குற்றால மலைச்சாரலிலிருந்து இறங்கி வரும் சிற்றாறு கலக்குமிடம் சீவலப்பேரி. அதற்கும் கீழே மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்னும் இரண்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. இந்தக் கரையில் வாழும் உழவர் நெடுங்காலமாக அறிந்த உண்மை ஒன்றுண்டு. கடைமடை வயலுக்குத் தண்ணீர் வந்து சேரவில்லையென்றால், தலைமதகில் வெள்ளத்தைத் திறந்துவிடுவதால் பயனில்லை. இடையிலுள்ள கரைதான் உடையும். கடைசி வயலில் நின்று ஏற்றம் இறைப்பதாலும் பயனில்லை. நீரில்லாத குழியிலிருந்து சேறுதான் வரும். வாய்க்கால் வழியே நடந்து, எந்த மடையில் அடைப்பு, எந்தக் கரையில் கசிவு என்று பார்த்துச் செல்வதே வழி. இந்த அறிவு ஒலிக்கும் பொருந்தும் என்பதை மனிதர் பெரும்பொருள் இழந்தே கற்றனர். அந்த வரலாற்றைச் சிறிது காண்போம்.

அதற்கு முன் நம் கண்ணெதிரே உள்ள ஒரு சிறு தொல்லையை எடுத்துக்கொள்வோம். இந்நாளில் பலர் தம் காரில் ஸ்டீரியோ வைத்திருக்கின்றனர். பின்பக்கத்து டிக்கியில் ஓர் ஆம்பிளிஃபயரும், முரசு, மேளம் போன்ற தாழ்ந்த ஒலிகளுக்கென்றே அமைந்த சப்வூஃபரும் இருக்கும். பாட்டுக் கேட்கிறது, ஆனால் மேளத்தின் அதிர்வு கேட்கவில்லை. ஸ்டீரியோவிலிருந்து ஆம்பிளிஃபயருக்குச் செல்லும் சமிக்ஞை மெலிந்து போயிருக்கிறது. “அண்ணாச்சி, இதைவிடப் பெரிசா ஒரு ஆம்பிளிஃபயர் போட்டுருவோமா?” என்று கடையிலே கேட்பது எளிது. விடை சொல்லுமுன் 1858ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், அயர்லாந்தையும் வடஅமெரிக்காவின் நியூஃபவுண்ட்லாந்தையும் இணைத்து, அட்லாண்டிக் கடலடியில் முதல் தந்திக் கம்பி இடப்பட்டது. விக்டோரியா அரசியார் அமெரிக்கக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிய 98 சொற்கள் கொண்ட வாழ்த்து, மறுகரை சேர ஏறத்தாழ 16 மணி நேரமாயிற்று. அத்துணை மெலிந்திருந்தது சமிக்ஞை. கம்பிக்குப் பொறுப்பேற்றிருந்த வைல்ட்மன் வொயிட்ஹவுஸ், தலைப்பிலே வலுவைக் கூட்டினால் போதும் என்று கருதினார். பெரிய தூண்டு சுருள்களைக் கொண்டு ஏறத்தாழ 2,000 வோல்ட் மின்னழுத்தத்தை அதனுள் செலுத்தினார். செய்யும்போதே குறைபாடுகள் நேர்ந்திருந்த அந்தக் கம்பி இதைத் தாங்கவில்லை. சில வாரங்களிலேயே அது பயனற்றுப் போயிற்று.

அந்தச் சில வாரங்களுக்குள் சென்ற செய்தி ஒன்று நம் நாட்டோடு தொடர்புடையது. 1857ஆம் ஆண்டுப் புரட்சியை ஒடுக்கப் படை தேவைப்பட்டதால், கனடாவிலிருந்த இரண்டு படைப்பிரிவுகளுக்குத் திரும்பி வருமாறு ஆணை போயிருந்தது. புரட்சி ஒடுங்கவே, புறப்பட வேண்டாம் என்னும் மாற்று ஆணை இக்கம்பி வழியே சென்றது. அதனால் அரசுக்கு ஏறத்தாழ 50,000 பவுன் மிஞ்சியது என்பர். நலிந்த சமிக்ஞையாயினும், அது போய்ச் சேர்கிறதா இல்லையா என்பதில் எவ்வளவு அடங்கியிருக்கிறது, பாருங்கள்!

வில்லியம் தாம்சன் என்னும் பௌதிக அறிஞரின் கருத்து வேறாக இருந்தது. வலுவைக் கூட்டுவதை விட்டு, வழியைச் செம்மை செய்ய வேண்டும் என்றார் அவர். ஒரே செம்பெனத் தோன்றினும் ஒன்றுக்கொன்று கடத்தும் திறன் வேறுபடுவதைச் சோதித்துக் காட்டினார். மிக நுண்ணிய மின்னோட்டத்தையும் ஒளிப்புள்ளியின் அசைவால் காட்டும் கண்ணாடிக் கருவி ஒன்றையும் அமைத்தார். 1866இல் இடப்பட்ட புதிய கம்பியில், செம்பின் எடை முன்னதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்காயிற்று. அக்கம்பி வெற்றி கண்டது.

அடுத்த பாடம் தொலைபேசியிலிருந்து கிடைத்தது. 1915இல் நியூயார்க்கும் சான்பிரான்சிஸ்கோவும் தொலைபேசியால் இணைந்தன. குரலைப் பெருக்கும் வெற்றிடக் குழாய்களை அவர்கள் கடைசி முனையிலே குவித்து வைக்கவில்லை. வழியின் இடையிடையே வைத்தனர். காரணம் எளிது. குரல் முழுவதும் மெலிந்து இரைச்சலுக்குள் மூழ்கிய பின் அதைப் பெருக்கினால், இரைச்சலும் உடன் பெருகும். கடைசி வயலில் ஏற்றம் இறைத்தவனுக்குச் சேறு கிடைத்த கதைதான் இது.

நம் நாட்டு வானொலியும் இந்த நெறியிலேதான் வளர்ந்தது. 1924இல் சென்னை மாகாண ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது; பொருள்முட்டால் 1927இல் நின்றது. 1930இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றது. 1938இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939இல் திருச்சி நிலையமும், 1963இல் திருநெல்வேலி நிலையமும் எழுந்தன. சென்னைக்கு 600 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் தாமிரபரணிக் கரையில், ஒவ்வொரு வீட்டிலும் பெரிய பெட்டி வாங்கி வைத்து இரைச்சலைப் பெருக்குவதிலும், அருகிலேயே ஒரு நிலையம் அமைவது அன்றோ அறிவுடைமை? தெளிவாகச் சேர்ந்த குரலின் பயனைத் தஞ்சை உழவர் காட்டினர். 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்னும் நெல்லைத் திருச்சி வானொலி பரப்பிற்று. அவர்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டனர்.

இனி அந்தக் காருக்குத் திரும்புவோம். வாய்க்காலில் நடப்பது போலவே இங்கும் நடக்க வேண்டும். ஸ்டீரியோவின் அமைப்பில் சப்வூஃபர் அளவு குறைத்து வைக்கப்பட்டுள்ளதா என்பதை முதலில் நோக்குக. பின்பு 50 ஹெர்ட்ஸ் ஒலியைப் பாடவிட்டு, ஸ்டீரியோவின் பின்புறத்து வெளியீட்டில் மல்ட்டிமீட்டரால் மாறுமின் வோல்ட்டை அளக்க. முழு அளவில் 2 வோல்ட், சிலவற்றில் 4 வோல்ட் வரை தருமாறு அவை அமைந்தவை. அங்கே நன்றாக இருந்து, கம்பியின் மறுமுனையில் குறைந்தால் பழுது கம்பியில்; அதன் பின்னலுறை அறுந்திருக்கலாம். தொடக்கத்திலேயே குறைந்தால் பழுது ஸ்டீரியோவில். இரு முனையிலும் சரியாக இருந்தால், ஆம்பிளிஃபயரின் எர்த் இணைப்பில் பெயிண்ட் சுரண்டப்பட்டிருக்கிறதா, இரண்டு ஸ்பீக்கர்கள் இருப்பின் ஒன்று மாற்றி இணைக்கப்பட்டு மற்றொன்றின் ஒலியை அழிக்கிறதா என்று காண்க. ‘கெயின்’ என்னும் திருகைக் கடைசியாகவே தொட வேண்டும். அது ஒலியைக் கூட்டும் திருகன்று. வரும் சமிக்ஞையின் அளவுக்கு வாயிலைப் பொருத்தும் திருகு.

இவ்வளவும் பார்க்க அரை மணி நேரம் போதும். புதிய ஆம்பிளிஃபயருக்கு ஆகும் செலவும் மிஞ்சும். அட்லாண்டிக் கடலுக்கும் ஒரு காரின் டிக்கிக்கும் இடையே அளவில்தான் வேற்றுமை, நெறி ஒன்றே. மெலிந்த குரலைக் கேட்டதும் உரக்கக் கூவுபவன் அதை இழக்கிறான். வழி நெடுகிலும் நடந்து பார்ப்பவன் அதைக் காப்பாற்றுகிறான். சீவலப்பேரிக் கரையில் தோளில் மண்வெட்டியுடன் வாய்க்கால் பார்க்கப் போகும் உழவரைக் கண்டால், இதை நினைவில் கொள்ளுங்கள்.