ரோஸ் வரைக்கும் வீட்டுக்காரருடையது

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் உள்ளே நுழைந்ததும் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். ஃபேன் இருக்கிறதா, லைட் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. ஒரு ஹூக்கும் பக்கத்தில், வீட்டு வயர் வந்து முடிகிற ஒரு சீலிங் ரோஸும் மட்டும் இருக்கும். முன்பு இருந்தவர் தன்னுடையதைக் கழற்றிக்கொண்டு போயிருப்பார், வருகிறவர் தன்னுடையதைக் கொண்டுவந்து மாட்டிக்கொள்ள வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஆவணியோ தையோ பிறந்துவிட்டால் வயர்மேனுக்கு ஏணியை விட்டு இறங்க நேரம் கிடைக்காது.

எனக்குத் தொழில் சொல்லித்தந்தவர் என் தாய்மாமா. வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் தகராறு வந்தால் அவர் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: “ரோஸ் வரைக்கும் வீட்டுக்காரருக்கு. அதுக்குக் கீழ தொங்குதது எல்லாம் இருக்கவருக்கு.” எந்தப் பத்திரத்திலும் இது எழுதப்பட்டதில்லை. ஆனால் 1956-ஆம் வருட இந்திய மின்சார விதிகளில் 45-வது விதி கிட்டத்தட்ட இதே இடத்தில்தான் கோடு போட்டிருந்தது. வயரிங் வேலை எதுவானாலும் லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர்தான் செய்யவேண்டும். பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை, வயரிங்கின் அமைப்பும் திறனும் மாறாதபடி, அப்படியே மாற்றிப் போடுவதற்கு மட்டும் அந்தக் கட்டாயம் இல்லை. மாமா அந்த விதியைப் படித்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

வீட்டு விளக்கின் வரலாற்றை யார் எழுதினாலும் பல்பைப் பற்றியே எழுதுகிறார்கள். எடிசன், இழை, டியூப், பிறகு எல்இடி. ஏணியில் ஏறி நிற்கிறவன் கண்ணுக்குப் படுவது வேறு. வீட்டோடு ஒட்டியது எதுவரை, மனிதர் கையோடு எடுத்துப் போகக்கூடியது எதிலிருந்து? அந்தக் கோடு ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வோர் இடத்துக்கு நகர்ந்திருக்கிறது.

மின்சாரம் வருவதற்கு முன் எல்லா விளக்குமே கழற்றி மாட்டுவதுதான். கூரையில் இருப்பது வெறும் கொக்கி. அரிக்கேனைத் தார்சாவில் மாட்டலாம், எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போகலாம், தொழுவத்துக்கும் போகலாம். ஒரு வீட்டுக்கு இரண்டு மூன்று விளக்கு போதும், ஆள் போகிற இடத்துக்கு அதுவும் கூடப் போனது. மின்சாரம் வந்துதான் விளக்கை ஓரிடத்தில் நிறுத்தியது. அதன் பிறகு வெளிச்சம் வேண்டுமென்றால் ஆள்தான் விளக்குக்குக் கீழே போய் உட்காரவேண்டியிருந்தது. எங்கள் பக்கத்து வீடுகளில் பட்டாசலின், அதாவது கூடத்தின், நடு உத்திரத்துக்குக் கீழேதான் பிள்ளைகள் படித்தார்கள், அரிசியில் கல் பொறுக்கினார்கள், கணக்கு எழுதினார்கள்.

பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-இல் ஓடத் தொடங்கியது. மின்சாரம் பிறக்கிற இடம் பக்கத்திலேயே இருந்தாலும் வீட்டுக்குள் அது வரப் பலருக்கு வருடங்கள் பிடித்தன. மாமா தொழிலுக்கு வந்தது ஐம்பதுகளில், 1957-இல் மின்வாரியம் ஏற்பட்ட சமயத்தை ஒட்டி. அப்போது வயரிங் என்றால் தேக்கு ரீப்பர் வயரிங். கட்டி முடித்து ஒரு தலைமுறை வாழ்ந்துவிட்ட வீட்டுக்குள்தான் மின்சாரம் நுழைந்தது என்பதால் எல்லாமே சுவருக்கு வெளியேதான். மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தேக்குக் கட்டைகளின் மேல் செங்கலைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்டுத் தளம் அமைத்திருப்பார்கள். அதைத் தோண்டினால் பெயர்ந்து விழும். ஆகவே ரீப்பரை உத்திரத்தின் பக்கவாட்டில் அடித்து, அதன்மேல் ரப்பர் வயரை ஓட்டி, பித்தளை கிளிப்பால் கவ்வ வைப்பார்கள். கிடையாகப் போகும்போது நாலு அங்குலத்துக்கு ஒரு கிளிப், சுவரில் இறங்கும்போது ஆறு அங்குலத்துக்கு ஒன்று. கிளிப் வரிசை கோணினால் மாமா முழுவதையும் பிடுங்கச் சொல்லுவார். அந்தக் காலத்து வேலையை இன்றும் சில வீடுகளில் பார்க்கலாம். வயர் செத்துப் பல வருடமானாலும் வரிசை நேராக நிற்கும்.

ரீப்பர் முடிகிற இடத்தில் ஒரு வட்டக் கட்டை, அதன்மேல் ரோஸ். முதலில் பீங்கானில் வந்தது, பிறகு பேகலைட்டில். உள்ளே இரண்டு பித்தளைத் தகடுகள் இருக்கும், சிலவற்றில் மூன்று. வீட்டு வயர் பின்பக்கமாக வந்து அவற்றில் முடியும். அதே தகட்டிலிருந்து, துணி சுற்றிய முறுக்கு வயர் ஒன்று மூடியின் ஓட்டை வழியாகக் கீழே தொங்கும். அதன் நுனியில் ஹோல்டர், அதில் பல்பு, மேலே எனாமல் தட்டு. இவ்வளவுதான் பெண்டன்ட். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மூடிக்கு உள்பக்கம் வயரில் ஒரு முடிச்சுப் போடவேண்டும். தட்டும் பல்பும் தொங்குகிற கனத்தை அந்த முடிச்சுதான் தாங்க வேண்டும், திருகாணி தாங்கக் கூடாது. முடிச்சுப் போடாத ரோஸ் முதல் நாளும் எரியும், மறு வருடமும் எரியும். பிறகு ஒருநாள் வயர் நழுவும். மாமா மற்றவர்கள் செய்த வேலையைப் பார்க்கப் போனால் முதலில் மூடியைத் திருகி முடிச்சைத்தான் பார்ப்பார்.

ரோஸ் முழுக்கப் பிளக்கும் இல்லை, முழுக்க நிரந்தர இணைப்பும் இல்லை. மூடியைத் திருகி, இரண்டு திருகாணியைத் தளர்த்தினால் விளக்கு கையோடு வந்துவிடும், வீட்டு வயர் ஆடாமல் மேலேயே நிற்கும். வாடகை வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியாது.

அந்த ஹோல்டருக்குத் தனிக் கதை உண்டு. நமக்கு வந்தது பிரிட்டிஷ்காரர்களின் ஹோல்டர். 22 மில்லிமீட்டர் வாய், பல்பின் இரண்டு பக்கமும் ஆணி, அழுத்தித் திருப்பினால் மாட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் எடிசனின் மரை உள்ள ஹோல்டர், பல்பைச் சுற்றிச் சுற்றி ஏற்றவேண்டும். இரண்டு நாட்டிலும் ஆரம்பத்தில் ஒரே குறைதான். வீட்டுக்குள் மின்சாரம் வந்தது விளக்குக்காக மட்டும், சுவரில் பிளக் பாயிண்ட் கிடையாது. வேறு எதை ஓட்டவேண்டுமென்றாலும் பல்பைக் கழற்றிவிட்டு அந்த ஹோல்டரில்தான் மாட்டவேண்டும். அமெரிக்காவில் ஹார்வி ஹப்பெல் 1904-இல் காப்புரிமை வாங்கிய பிளக் அதற்காகத்தான் பிறந்தது. ஒரு பாதி ஹோல்டரில் மரையாக ஏறும், மறு பாதியை இழுத்துப் பிடுங்கலாம். ஜப்பானில் மட்சுஷிடா கோனோசுகே 1918-இல் ஒசாகாவில் தொழில் தொடங்கியபோது அவர் செய்து விற்றதும் இந்த மாதிரி ஹோல்டர் பிளக்தான். 1920-இல் ஒரே ஹோல்டரிலிருந்து இரண்டு இணைப்பு எடுக்கும் சாக்கெட்டைக் கொண்டுவந்தார். பின்னாளில் நேஷனல், பானசோனிக் என்று உலகமெல்லாம் அறிந்த கம்பெனி இப்படிக் கூரை விளக்கைப் பிடித்துக்கொண்டுதான் மேலே வந்தது.

எங்கள் ஊரிலும் இதே கூத்து நடந்தது. ஹோல்டர் பிளக் என்று ஒன்று கடையில் தொங்கும், பல்பைப் போலவே ஆணி வைத்தது. பட்டாசல் நடுவிலிருந்து வயர் ஒன்று சாய்வாக இறங்கி வால்வு ரேடியோவுக்குப் போகும். கல்யாண வீட்டில் சீரியல் பல்பும் அதிலிருந்துதான். ரேடியோ வரை பரவாயில்லை. பிறகு கரண்ட் இஸ்திரிப் பெட்டி வந்தது.

“பல்பைக் கழத்திட்டுப் பெட்டியை மாட்டிக்கிடுதேன் அண்ணாச்சி, ஒண்ணும் ஆகாதுல்லா?”

என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் மாட்டியிருப்பார்கள். 750 வாட்ஸ் பெட்டி மூன்று ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஒரு லைட் சர்க்யூட்டில் அதிகபட்சம் 10 பாயிண்ட் அல்லது 800 வாட்ஸ் என்பது கணக்கு. அதாவது அந்த ஒரு பெட்டியே ஒரு சர்க்யூட்டின் கணக்கைக் கிட்டத்தட்ட முழுவதும் தின்றுவிடும். முறுக்கு வயர் சூடாகி ரப்பர் பொரிந்து உதிரும். அதைவிடப் பெரிய ஆபத்து, ஹோல்டரில் இரண்டே முனைதான், எர்த் கிடையாது. இரும்புப் பெட்டிக்குள் ஃபேஸ் வயர் எங்காவது உரசினால் பிடித்திருக்கிற கைதான் எர்த். அடியில் ஈரச் சிமெண்டுத் தரை வேறு. தனியாக மூன்று பின் பிளக் பாயிண்ட் சுவருக்கு வந்தபோது அது வசதி என்றுதான் சனங்கள் நினைத்தார்கள். எங்களுக்கு அது உயிர் பிழைத்த சமாசாரம்.

கூரை விளக்கை நடுவிலிருந்து விரட்டியது பிளக் பாயிண்ட் இல்லை, ஃபேன். இதை வெளிநாட்டு வீட்டு அலங்காரப் புத்தகங்களைப் புரட்டுகிறவர்கள் யோசிப்பதே இல்லை. அங்கே அறையின் நடுப்புள்ளி விளக்குக்கு உரியது. நம் ஊரில் அது ஃபேனுக்கு உரியது, இந்த வெயிலில் அதில் விவாதமே கிடையாது. ஃபேன் வந்தபின் அதே நடுவில் விளக்கு இருந்தால் இறக்கை வெட்டி வெட்டி நிழல் ஓடும், தலை சுற்றும். ஆகவே விளக்கு சுவருக்குப் போனது. அந்தச் சமயத்தில் நாலடி டியூப் லைட்டும் பரவலானதால் சுவரில் அதற்குத் தோதான இடம் கிடைத்தது. ரோஸ் மட்டும் கூரையிலேயே நின்று ஃபேனுக்கு வேலை பார்த்தது. சுவரில் டியூப் லைட் பட்டிக்குப் பக்கத்திலும் இன்னொரு ரோஸ் வந்து உட்கார்ந்தது. பெயரில் சீலிங் இருக்கிறதே, சுவரில் ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ஃபேன் விஷயத்தில் ரோஸின் அருமை இன்னும் தெளிவாகத் தெரியும். கனம் முழுவதும் ஹூக்கில், மின்சாரம் மட்டும் ரோஸில். இரண்டையும் தனித்தனியாக விடுவிக்கலாம் என்பதால்தான் குடித்தனக்காரர் தன் ஃபேனைக் கழற்றிக்கொண்டு போக முடிந்தது.

கான்கிரீட் கூரை இந்த ஒழுங்கைக் கொஞ்சம் கலைத்தது. சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி முடித்த பிறகு, கான்கிரீட் கொட்டுவதற்குள் பைப்பும் ஃபேன் பாக்ஸும் போட்டாகவேண்டும். கட்டில் எங்கே, மேஜை எங்கே என்று வீட்டுக்காரருக்கே தெரியாத நேரத்தில் விளக்கு எங்கே என்று முடிவாகிவிடும். ரீப்பர் காலத்தில் பாயிண்டை இரண்டடி தள்ளவேண்டுமென்றால் அரை நாள் வேலை. பதித்த வயரிங்கில் சுவரை வெட்டிக் காடி எடுக்கவேண்டும், கூரையென்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பார்வைக்கு அழகுதான், மறுக்கவில்லை. பல்லியும் ஒட்டடையும் குறைந்தன. ஆனால் பதித்த வயரிங்கிலும் நுனியில் ரோஸ் இருந்தது, ஆகவே கோடு அழியவில்லை.

ஒரு வாடிக்கையாளரின் மகன் ஜப்பானில் வேலை பார்க்கிறான். லீவுக்கு வந்தபோது, அங்கே வீட்டுக்கூரையில் இருப்பது என்று உள்ளங்கை அளவு வட்டச் சாமான் ஒன்றைக் காட்டினான். இரண்டு வளைந்த துளைகள். விளக்கின் மேல்முனையில் உள்ள இரண்டு கொக்கிகளை அதில் நுழைத்துத் திருப்பினால் மின்சாரமும் சேர்ந்துவிடுகிறது, கனமும் தொங்கிவிடுகிறது. 5 கிலோ வரை தாங்கும். ஜப்பானில் வயரிங் செய்ய லைசென்ஸ் வேண்டும், 1960-இல் அதற்குச் சட்டமே போட்டார்கள். அந்த வட்டச் சாமானைக் கூரையில் பொருத்துவது லைசென்ஸ்காரரின் வேலை. அதில் விளக்கை மாட்டுவது யார் வேண்டுமானாலும் செய்யலாம். அங்கேயும் குடித்தனக்காரர்கள் விளக்கைத் தங்களோடு எடுத்துப் போகிறார்களாம். திருகாணிகூட இல்லை. மாமா இருந்திருந்தால் அதை வாங்கிப் பிரித்துப் போட்டிருப்பார்.

நம் ஊரில் காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது. ஃபால்ஸ் சீலிங் வந்தபின் விளக்கு மறுபடி கூரைக்கு ஏறிவிட்டது, ஒன்று இரண்டு இல்லை, ஓர் அறைக்கு ஆறு, எட்டு என்று. ஜிப்சம் பலகையில் ஓட்டை போட்டு ஸ்பிரிங் கிளிப்பால் கவ்வுகிற பேனல் லைட். அதற்குப் பின்னால் டிரைவர் என்று ஒரு சின்னப் பெட்டி. டிரைவருக்கும் லைட்டுக்கும் நடுவே கம்பெனிக்காரனே அழகான ஜாக் வைத்திருக்கிறான், இழுத்தால் வந்துவிடும். ஆனால் டிரைவரிலிருந்து வீட்டு வயருக்கு? பெரும்பாலான வீடுகளில் வயரை முறுக்கி டேப் சுற்றிப் பலகைக்கு மேல் தூக்கிப் போட்டிருப்பார்கள். பாயிண்டுக்கு இவ்வளவு என்று பேசிய வேலையில் ரோஸுக்கும் கனெக்டருக்கும் காசு ஒதுக்க ஆளில்லை. கழற்ற வசதி எங்கே வேண்டுமோ அங்கே இல்லை.

விளைவு என்ன? குண்டு பல்பு போனால் வீட்டம்மா ஸ்டூல் போட்டு மாற்றினார். 22 மில்லிமீட்டர் வாய் மாறாததால்தான், 2015-க்குப் பிறகு அரசாங்கத் திட்டத்தில் மலிவாக வந்த எல்இடி பல்பும் ஐம்பது வருட ஹோல்டரில் நேராகப் போய் உட்கார்ந்தது. பேனல் லைட் போனால் எனக்கு போன் வருகிறது. வெளிச்சம் வரும் பகுதி நன்றாக இருந்து டிரைவர் மட்டும் செத்திருந்தாலும், அதே அளவு டிரைவர் கிடைக்காமல் முழு லைட்டையும் தூக்கிப் போடவேண்டியிருக்கிறது. புது லைட் வாங்கினால் பழைய ஓட்டைக்கு அது சேராது. வாடகை வீடாக இருந்தால் இன்னும் கேவலம், செத்த லைட்டுக்கு யார் காசு என்று அட்வான்ஸில் கழிக்கிற சண்டை. குடித்தனக்காரர் அதைக் கழற்றிக்கொண்டு போகவும் முடியாது, ரோஸ் மாதிரி காட்டிப் பேச ஒரு பொருளும் அங்கே இல்லை.

நான் எடுக்கிற வேலையில் இப்போது ஒரு நிபந்தனை வைக்கிறேன். ஒவ்வொரு பேனலுக்கும் மேலே பலகைக்குள் ஒரு ரோஸ், அல்லது சின்ன மூடியுள்ள பெட்டிக்குள் கனெக்டர். எர்த் வயரை அங்கேவரை கொண்டுவந்து நிறுத்துவேன், விளக்கு இன்று கேட்காவிட்டாலும். ஓட்டை வழியாகக் கை நுழைந்து அதைக் கீழே இழுக்கிற அளவு வயரை விட்டுவைப்பேன். சிறிய ஓட்டை என்றால் பக்கத்தில் ஒரு கதவு வைக்கச் சொல்லுவேன். இன்டீரியர் பார்க்க வருகிற பையன்கள் கதவுக்கு ஒத்துக்கொள்வதில்லை, சீலிங் அழகு கெடுகிறதாம். சிலர் என்னை மாற்றிவிட்டு வேறு ஆளை வைத்துக்கொள்கிறார்கள். ஒத்துக்கொள்கிறவர்களிடம் ரோஸ் வாங்கிவரச் சொல்லி எழுதிக் கொடுத்தால், கடையில் நிற்கிற புதுப் பையன், எத்தனை ஃபேன் அண்ணாச்சி என்று கேட்கிறான்.